ஏழடிக்கு ஒன்பதடி

எங்கள் கடையின் முதல் மாடியில் பதினொரு அறைகள் இருந்தன. எதற்கும் மேற்கூரை கிடையாது. நாலு சுவரில் ஒன்றை எடுத்துவிட்டு, மிச்ச மூன்றுக்கு நடுவே கட்டில், மேசை, விளக்கு என்று போட்டு, முன்னால் ஒரு பெயர்ப்பலகை வைத்திருப்பார்கள். ‘கடற்கரை’, ‘பழைய ரயில்’, ‘வெள்ளைக் காலை’, ‘காடு’. சாமானைத் தனியாக நிறுத்தினால் சனங்கள் விலையைக் கேட்டுவிட்டுப் போய்விடுவார்கள். அதையே ஒரு வீடாக ஜோடித்து வைத்தால் உள்ளே வந்து உட்கார்ந்து, நம் வீடு மட்டும் ஏன் இப்படி இல்லை என்று யோசிப்பார்கள். அந்த யோசனைதான் நமக்குச் சோறு என்பார் மேனேஜர்.

அந்த அறைகளை ஜோடிப்பவளுக்கு அப்போது முப்பத்தாறு வயது. கடையில் எல்லோருக்கும் அவள் ‘டிஸ்ப்ளே அக்கா’. அவளைவிடப் பதினைந்து வயது மூத்த மேனேஜரும் அப்படித்தான் கூப்பிடுவார். நான் பின்பக்கம் திரைச்சீலை தைப்பவள், எனக்குப் பெயர் ‘திரையம்மா’. கடை திறக்க இரண்டு மணி நேரம் முன்பே நாங்கள் இருவரும் வந்துவிடுவோம். நான் மெஷினுக்கு எண்ணெய் விடுவதற்குள் அவள் பதினொரு அறையையும் ஒரு சுற்று சுற்றியிருப்பாள். முந்தின நாள் ஆயிரம் பேர் உட்கார்ந்து நசுக்கிய குஷன்களைத் தட்டி உப்ப வைத்து, ஒவ்வொன்றின் தலையிலும் கையால் ஒரு வெட்டு வெட்டுவாள். நடுவில் பள்ளம் விழும். யாரோ ரசனையுள்ளவர் இப்போதுதான் எழுந்து போனது போலிருக்கும்.

அங்கே இருந்ததில் பாதி பொய். அலமாரிப் புத்தகங்கள் முதுகு மட்டும் வெட்டி ஒட்டியவை. டிவி அட்டை. குழாயைத் திருகினால் காற்றுகூட வராது. ஜன்னலுக்கு வெளியே காலை வெயில் அடிக்கும், திரையை விலக்கினால் இரண்டு டியூப்லைட் இருக்கும். எட்டடி அறையைப் பத்தடியாகக் காட்ட எந்த நிறத்தை எங்கே அடிக்க வேண்டும், விளக்கை எவ்வளவு தாழ்த்த வேண்டும் என்பதெல்லாம் அவள் விரல் நுனியில் இருந்தது. ஆனால் கல்யாணம் ஆகும்வரை அவள் குடியிருந்தது ஒரு பெண்கள் விடுதியில், நாலு பேரோடு ஒரே அறையில்.

எட்டு மாதத்துக்கு முன்னால்தான் அவள் எங்கள் ஃபிட்டரைக் கட்டிக்கொண்டாள். வாங்கியவர்கள் வீட்டுக்குப் போய் அலமாரி, கட்டில் எல்லாம் பூட்டிக் கொடுப்பவர் அவர். அதிகம் பேசமாட்டார். ‘வெள்ளைக் காலை’ அறையில் நிற்கும் பெரிய துணி அலமாரியின் கீல் ஒரே வருஷத்தில் எட்டுத் தடவை பழுதாகி, எட்டுத் தடவையும் அவரே வந்து சரிசெய்தார். கீலுக்கு ஒன்றுமில்லை என்பது அவர்கள் இருவரையும் தவிர எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

அவருடைய முதல் மனைவி நோயில் படுத்துப் போய்ச் சேர்ந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. ஒரே மகள், பன்னிரண்டு வயது நடந்துகொண்டிருந்தது. பிறந்தபோது அவ்வளவு சின்னதாக இருந்தாளாம், அதனால் ‘பட்டாணி’. இப்போது அப்பாவின் தோளுக்கு வளர்ந்தும் பெயர் வளரவில்லை.

பட்டாணி முரண்டு பிடிக்கிற பெண் இல்லை. போட்டதைச் சாப்பிட்டாள். தட்டைத் தானே கழுவினாள். எதைக் கொடுத்தாலும் தாங்க்ஸ் சொன்னாள். அந்த மரியாதைதான் அக்காவுக்குத் தாங்கவில்லை. வாயில் குண்டூசியைக் கடித்துக்கொண்டு, நான் தைத்த திரையை வளையத்தில் கோத்தபடி ஒருநாள் சொன்னாள்.

“விருந்தாளி மாதிரியே நடந்துக்குறா. அவ விருந்தாளியா, நான் விருந்தாளியான்னுதான் எனக்குத் தெரியல.”

அவர்கள் வீடு மூன்றாவது மாடி. ஒரு கூடம், ஒரு அடுக்களை, பெரிய அறை ஒன்று, பட்டாணியின் அறை ஒன்று. அவளுடையது ஏழடிக்கு ஒன்பதடி. அதில் கட்டிலும் படிக்கிற மேசையும் போக, ஜன்னலில் பாதியை மறைத்துக்கொண்டு ஒரு பச்சை இரும்பு பீரோ நின்றது. அவளுடைய அம்மாவின் பீரோ. பெயின்ட் உரிந்து, ஒரு கால் உடைந்து, கீழே செங்கல் முட்டுக்கொடுத்திருந்தது. கதவு முழுசாகச் சாத்தாது. உள்ளே அந்த அம்மாவின் துணிகள் அப்படியே தொங்கின. ஃபிட்டர் அந்த அறைக்குள் போவதே அபூர்வம். மகளைக் கூப்பிட வேண்டுமென்றால் வாசலில் நின்று கூப்பிடுவார்.

ஒரு சனிக்கிழமை அப்பாவோடு பட்டாணி கடைக்கு வந்தாள். மற்ற அறைகளை ஒரு பார்வை பார்த்துக்கொண்டே போனவள் ‘காடு’ அறையில் நின்றுவிட்டாள். அக்கா அப்போதுதான் ஜோடித்து முடித்திருந்த அறை அது. சுவர் முழுக்க இலைகள் அச்சடித்த காகிதம், மரக்கிளை மாதிரி விளக்கு, கட்டிலுக்கு மேலே பச்சைத் துணியில் ஒரு கூடாரம். அவள் அந்தக் கூடாரத்துக்குள் நுழைந்து உட்கார்ந்து அரை மணி நேரம் வெளியே வரவில்லை. அக்கா தூரத்தில் நின்று பார்த்தாள். என் கையைப் பிடித்து அமுக்கினாள். முதல்முறையாக அந்தப் பெண்ணுக்குப் பிடித்தது ஒன்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

அடுத்த மாதம் பள்ளியிலிருந்து நாலு நாள் முகாமுக்குப் பிள்ளைகளைக் கூட்டிப் போனார்கள். அவள் திரும்பி வரும்போது அறை தயாராக இருக்க வேண்டும் என்று அக்கா முடிவு செய்தாள். நாங்கள் மூவரும் லீவு போட்டோம்.

அந்த நாலு நாளும் மழை. ஊரே ஊறிக் கிடந்தது. சுவரில் பூசிய பட்டி காயாமல் பிசுபிசுத்தது. பக்கத்து வீட்டு டேபிள் ஃபேனையும் கடன் வாங்கி இரண்டு பக்கமும் ஓடவிட்டோம். காகிதத்தை ஒட்டினால் ஒரு முனையில் பிடிக்கும், மறு முனையில் நாக்கை நீட்டும். அக்கா ஸ்டூலில் ஏறி நின்று உள்ளங்கையால் தேய்த்துத் தேய்த்து ஒட்டினாள். கட்டை விரலின் தோல் உரிந்துபோயிற்று. ரொட்டியும் அவித்த முட்டையும்தான் சாப்பாடு. அடுக்களையில் வேலைச் சாமான்கள் அடைந்திருந்ததால் ஒரு டீ போடவே இரண்டு பேரை நகரச் சொல்ல வேண்டியிருந்தது. நான் கூடத்தில் தரையில் உட்கார்ந்து கூடாரத்துணியைக் கையாலேயே மூட்டினேன். சிரிப்பும் பேச்சுமாகத்தான் இருந்தது. அவர்கள் இருவரும் சேர்ந்து ஒரு வேலை செய்வதை அதுவரை நான் பார்த்ததில்லை. அவர் கை நீட்டுவதற்குள் அவள் சுத்தியலை எடுத்து வைப்பாள்.

இரண்டாம் நாள் பீரோ குறுக்கே நின்றது. அது நின்றால் கூடாரம் கட்ட இடமில்லை, ஜன்னல் வெளிச்சமும் இல்லை. கூடத்துக்கு நகர்த்திப் பார்த்தார்கள், வாசல் அடைபட்டது. அக்கா அளவு டேப்பைச் சுருட்டியபடி, அவள் வந்ததும் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எடுக்கலாமே என்றாள்.

“கேட்டா வேணாம்னுதான் சொல்லுவா,” என்றார் ஃபிட்டர். “அப்புறம் அது இன்னும் பத்து வருஷம் அங்கேயே நிக்கும்.”

அவர் துணிகளை அள்ளி ஒரு அட்டைப் பெட்டியில் வைத்துப் பரணில் ஏற்றினார். பிறகு அவர் தினமும் யார் யார் வீட்டிலோ செய்கிற வேலையைத் தன் வீட்டில் செய்தார். கதவைக் கழற்றினார், தட்டுகளை உருவினார், முதுகுத் தகட்டைப் பிரித்தார். இருபது நிமிஷம்கூட ஆகவில்லை. பழைய இரும்புக்காரர் மழையில் தார்ப்பாயைப் போர்த்திக்கொண்டு வந்து வண்டியில் ஏற்றிப் போனார்.

நாலாம் நாள் சாயங்காலம் பட்டாணி வந்தாள். நானும் இருந்தேன். அவள் முகத்தைப் பார்க்க வேண்டும் என்ற ஆசை எனக்கும். கதவைத் திறந்து பார்த்தாள். ரொம்ப நல்லா இருக்கு என்றாள். தாங்க்ஸ் என்றாள். பிறகு அறையைச் சுற்றி ஒருமுறை கண்ணை ஓட்டி, கதவுக்குப் பின்னாலும் எட்டிப் பார்த்துவிட்டு, பீரோ எங்கே என்று கேட்டாள். அப்பா சொன்னார். சரி என்றாள்.

அன்றிலிருந்து அவள் அடுக்களையில் படுத்தாள். போர்வையை எடுத்துக்கொண்டுபோய், கேஸ் சிலிண்டருக்கும் சுவருக்கும் நடுவே இருந்த இடுக்கில் முதுகை ஒட்டிக்கொண்டு படுப்பாளாம். புத்தகம் எடுக்க மட்டும் அறைக்குள் போவாள். கேட்டால், அங்கே பெயின்ட் வாசனை அடிக்குது, போனதும் படுத்துக்கிறேன் என்று மரியாதையாகச் சொல்வாள். ஃபிட்டர் கோபித்தும் பார்த்தார், கெஞ்சியும் பார்த்தார். ஒரு வாரமாயிற்று, பத்து நாளாயிற்று. அதன்பின் புருஷன் பெண்டாட்டிக்குள்ளேயும் பேச்சு குறைந்துபோயிற்று. கடையில் அக்கா எப்போதும்போலக் குஷன்களைத் தட்டினாள், ஆனால் பள்ளம் வைக்க மறந்து அடுத்த அறைக்குப் போய்விடுவாள். விடுதிக்கே போய்விடலாமா என்று ஒருநாள் என்னிடம் கேட்டாள். விளையாட்டாகக் கேட்கிறாளா என்று முகத்தைப் பார்த்தேன். விளையாட்டு இல்லை.

பன்னிரண்டாம் நாள் பட்டாணி பள்ளியிலிருந்து வீட்டுக்கு வரவில்லை.

ஃபிட்டர் பள்ளிக்கு ஓடினார், அவள் சிநேகிதிகள் வீடுகளுக்கு ஓடினார், பஸ் நிற்கும் இடமெல்லாம் நின்று பார்த்தார். அக்காவுக்கு நாலரை மணிக்கு போன் வந்தது. கைப்பையை எடுக்கக்கூடத் தோன்றாமல் படியில் இறங்கினாள். அந்த நேரத்தில்தான் முதல் மாடியில் ஒரு புருஷன் பெண்டாட்டி ‘வெள்ளைக் காலை’ அறையின் அலமாரியைத் திறந்தார்கள். உள்ளே, காட்சிக்குத் தொங்கவிட்ட ஒரே அளவு வெள்ளைச் சட்டைகளுக்குக் கீழே, பள்ளிச் சீருடையில், பையை மடியில் வைத்துக்கொண்டு ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். அந்தம்மா பின்னால் இரண்டடி நகர்ந்தார். அவருடைய புருஷன் நிதானமான ஆள். சற்று நேரம் பார்த்துவிட்டு, அங்கே நின்ற என்னிடம், “இதுவும் சேர்த்துத்தானா?” என்று கேட்டார்.

நான் அக்காவைப் படியிலிருந்து திரும்பக் கூப்பிட்டேன்.

அவள் ஓடி வந்து இழுத்து அணைப்பாள், இல்லை ஒரு அறை விடுவாள் என்றுதான் நினைத்தேன். இரண்டும் செய்யவில்லை. ஃபிட்டருக்கு போனில் ஒரு வரி சொன்னாள். அந்தத் தம்பதியிடம், இதே அலமாரி கீழே இன்னொன்று இருக்கிறது, காட்டச் சொல்கிறேன் என்று அனுப்பிவைத்தாள். பிறகு அலமாரிக்கு முன்னால் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். நான் திரையைச் சரிசெய்வதுபோல ஜன்னல் பக்கம் நின்றேன். நகர மனமில்லை.

மாடியில் எங்கேயோ ஒரு குழந்தை கட்டிலில் குதிப்பதும், வேண்டாம் என்று சேல்ஸ் பெண் சொல்வதும் கேட்டது.

பட்டாணிதான் முதலில் பேசினாள். “இதுல ஒரு வாசனையும் இல்ல.”

“ஆமா. கடைத் துணி. யாரும் போட்டதில்ல.”

“கதவும் முழுசா மூடிக்குது. அம்மா பீரோ ஒரு விரல் அளவு தொறந்தே இருக்கும். கோடு மாதிரி வெளிச்சம் வரும்.” உட்கார்ந்திருந்த பலகையைத் தட்டினாள். “கீழ்த்தட்டு இல்ல அதுல. அம்மாதான் கழட்டிருந்தாங்க, போர்வை வைக்க. நான் அங்க உக்காந்துப்பேன். துணி தலையில படும்.”

“தினமுமா?”

“ஸ்கூல் விட்டு வந்ததும். நீங்க வர்றதுக்குள்ள.”

அக்கா தன் உரிந்த கட்டை விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டாள்.

“அன்னைக்கு அந்தக் கூடாரத்துல உக்காந்தியே. காடு பிடிச்சிருந்ததுன்னு நெனச்சேன்.”

“காடெல்லாம் தெரியாது. உள்ள இருட்டா இருந்துச்சு. அதான்.”

“ம்.” அக்கா கட்டை விரலை மடக்கிக்கொண்டாள். “இங்க ஒரு கட்டில் வாங்க வர்றவங்ககிட்டகூட, யாருக்கு, எந்தப் பக்கம் தலை வெப்பாங்க, ராத்திரி எந்திரிப்பாங்களான்னு பத்துக் கேள்வி கேப்பேன். உன்ன ஒண்ணு கேக்கல. தப்பு என்னோடதுதான்.”

“பீரோவ எடுக்கச் சொன்னது நீங்களா, அப்பாவா?”

இதற்கு அவள் என்ன சொல்வாள் என்று நான் திரையைப் பிடித்த கையோடு நின்றேன். எனக்கு உண்மை தெரியும்.

“நான்தான்,” என்றாள் அக்கா. “ஜன்னல மறைக்குதுன்னு சொன்னேன்.”

“இல்ல பட்டாணி.”

ஃபிட்டர் வந்து நின்றதை நாங்கள் கவனிக்கவில்லை. சட்டை முழுக்க வியர்வை. ஓடி வந்த மூச்சு அடங்கவில்லை. அறைக்குள் வராமல், பெயர்ப்பலகைக்குப் பக்கத்திலேயே நின்று பேசினார்.

“சித்தி கேட்டுட்டு எடுக்கலாம்னுதான் சொன்னா. நான்தான் கேக்கல. அந்தக் கதவு தொறந்தா உங்கம்மா வாசனை கூடத்து வரைக்கும் வரும். எனக்கு மூச்சு முட்டும். நீ அதுக்குள்ள உக்காந்திருக்கேன்னு எனக்குத் தெரியாதும்மா. தெரிஞ்சிருந்தா...” முழங்கையால் முகத்தைத் துடைத்தார். “தெரிஞ்சிருக்கணும். ஒரே வீட்லதான இருந்தேன்.”

அவர் அழுது நான் அன்றுதான் பார்த்தேன். பட்டாணியும் அன்றுதான் பார்த்திருக்க வேண்டும். அவள் பையைத் தள்ளிவிட்டு அலமாரியிலிருந்து இறங்கி அவரிடம் போனாள். அக்கா எழுந்திருக்கவில்லை. அப்படியே உட்கார்ந்து, தொங்கிய சட்டைகளை ஒவ்வொன்றாக நேராக்கினாள்.

இரும்புக்காரரிடம் மறுநாள் காலையிலேயே ஃபிட்டர் போய் நின்றார். பீரோ வந்த அன்றே வெட்டுப்பட்டு உருக்கப் போய்விட்டது என்று அவர் சொன்னார். அதை ஃபிட்டர் வீட்டுக்கு வந்து மகளிடம் மறைக்காமல் சொன்னார். அவள் அன்று முழுக்க யாரிடமும் பேசவில்லை. மறுநாள் தானாகவே அக்காவிடம் வந்து, கடையை இன்னொரு தடவை பார்க்க வேண்டும் என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை கடை திறக்குமுன் மூவரும் வந்தார்கள். அக்கா அவளை அறை அறையாகக் கூட்டிப் போய்ப் பொய்களையெல்லாம் காட்டிக் கொடுத்தாள். ஒட்டுப் புத்தகம், அட்டை டிவி, டியூப்லைட் வெயில். பட்டாணி சிரித்தாள். ஒவ்வொரு அறையிலும் உட்கார்ந்து, படுத்து, மூலையில் குந்திப் பார்த்தாள். ‘கடற்கரை’யில் ஒரு நிமிஷம்கூட நிற்கவில்லை. ‘பழைய ரயில்’ அறையின் கீழ்ப் பெர்த்தில் படுத்தவள், இங்கே மட்டும் ஏன் நன்றாக இருக்கிறது என்று கேட்டாள். அக்காவும் பக்கத்தில் தலையை நுழைத்துப் பார்த்தாள். தலைக்குக் கிட்டத்தில் ஒரு பலகை இருக்கிறது, முதுகுக்கு ஒரு சுவர் இருக்கிறது, ஒரு பக்கம்தான் திறப்பு என்று விரல் விட்டுச் சொன்னாள். அப்போ ரயில் வேண்டாம், அது மூணும் போதும் என்றாள் பட்டாணி. பதினைந்து வருஷமாக அறை ஜோடிக்கிறவள் நான், இதை யாரும் இவ்வளவு சுருக்கமாக என்னிடம் கேட்டதில்லை என்று அக்கா பிற்பாடு சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனாள்.

அளவெடுத்தது பட்டாணிதான். உட்கார்ந்தால் தலைக்கு மேல் எவ்வளவு, காலை நீட்டினால் எவ்வளவு என்று டேப்பைப் பிடித்துக் குறித்தாள். கடையில் அலமாரிகள் வந்து இறங்கும் பெட்டிகளின் பிளைவுட்டை மேனேஜர் எடுத்துக்கொள்ளச் சொன்னார். ஜன்னலுக்கு இந்தப் பக்கம், சுவரோரமாக, மூன்றடி அகலத்தில் ஃபிட்டர் ஒரு மாடம்போலக் கட்டினார். பாலிஷ் வேண்டாம், பலகை பலகையாகவே இருக்கட்டும் என்று அவள் சொல்லிவிட்டாள். உள்ளே மேலே ஒரு கம்பி. கூடாரம் இறங்கியது. மழையில் ஒட்டிய இலைக் காகிதம் ஏற்கெனவே வயிறு உப்பி நின்றதால் அக்காவும் அவளும் இரண்டு முனையைப் பிடித்து இழுக்க, ஒரே பாளமாக வந்து இருவர் தலையிலும் விழுந்தது. இரண்டு சுவரில் கிழித்தார்கள். மூன்றாவதை பட்டாணி வேண்டாம் என்று தடுத்தாள். அது பாவம், நல்லா ஒட்டியிருக்கு என்றாள்.

பரணிலிருந்து பெட்டியை இறக்கியபோது அக்கா எனக்குக் கண் காட்டினாள். நாங்கள் இருவரும் அடுக்களைக்குப் போய் உருளைக்கிழங்கு உரித்தோம். ஃபிட்டர் அந்த அறைக்குள் போனார். ஒவ்வொரு துணியாக எடுத்து உதறிக் கம்பியில் மாட்டுகிற சத்தம் கேட்டது. நடுவில் சத்தம் நின்றது. மகள் ஏதோ கேட்டாள். அது எங்கே வாங்கினது, எதுக்கு வாங்கினது என்று அவர் சொல்லத் தொடங்கினார். கிழங்கு வெந்து ஆறிப்போகும் வரை சொல்லிக்கொண்டிருந்தார். அக்கா அடுப்பை அணைத்துவிட்டு, சாப்பிடக் கூப்பிடாமல் காத்திருந்தாள். அவள் முகத்தில் கொஞ்சம் வலி இருந்தது. இல்லையென்று நான் சொல்லமாட்டேன். அவள் பார்த்தேயிராத ஒருத்தியின் துணிமணிக் கதை அது. ஆனால் அந்த மனுஷன் எட்டு மாதத்தில் பேசியதைவிட அன்று அதிகம் பேசினார் என்று அவளே என்னிடம் சொன்னாள். அவளும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

கடைசியில் மாடத்துக்குத் திரை. அளவெடுக்க நான் போனேன். அடர்நீலத்தில் கனமான துணி, வெளிச்சம் புகாதது, பட்டாணியே தேர்ந்தெடுத்தது. கம்பியிலிருந்து தரை வரை டேப்பை விட்டு எண்ணைச் சொன்னேன். உள்ளே உட்கார்ந்திருந்தவள் தலையை நீட்டி, “அவ்வளவு நீளம் வேணாம் அத்தை. ஒரு சாண் விட்டுருங்க,” என்றாள்.

தரையைத் தொட்டால்தான் திரை அழகு, இல்லாவிட்டால் துணி பற்றாமல் போன மாதிரி இருக்கும் என்று சொன்னேன். வெளிச்சம் வேறு கீழ்வழியாக வந்துவிடும் என்றேன்.

“பரவால்ல. கால் தெரியணும்.”

“எதுக்குடி?”

“உள்ளதான் இருக்கேன்னு தெரியணும்ல. இல்லன்னா தேடுவாங்க.”

வாசலில் நின்றிருந்த அக்கா, காய்ந்த துணிகளை மடிக்கிற சாக்கில் கூடத்துக்குப் போய்விட்டாள். நான் டேப்பைச் சுருட்டி, எண்ணை மாற்றி எழுதிக்கொண்டேன். அன்று மத்தியானமே தைக்க உட்கார்ந்தேன். இப்படி ஒரு சாண் தூக்கித் தைத்த திரையைக் கடையில் யாராவது பார்த்தால் அளவு தப்பிவிட்டது என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். நான் அந்த விளிம்பை இரண்டு மடிப்பாக மடித்து, கையாலேயே, நெருக்கமாகத் தைத்தேன்.